18 வயதுக்கு முன் ஒரு கேஸ்: காவலர் பணிக்கு விண்ணப்பிக்கும் கொங்கு இளைஞர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மாரியம்மன் நோம்பியில் கைகலப்பு. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பஸ் ஸ்டாண்டில் அடிதடி. திருட்டு பைக் என்று தெரியாமல் நண்பன் பின்னால் உட்கார்ந்து போனது. 16, 17 வயதில் இப்படி எதிலாவது பெயர் மாட்டிக்கொண்ட பையன்களிடம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "இனி உனக்குப் போலீஸ் வேலையெல்லாம் ஆகாது சாமி." அதை நம்பி விண்ணப்பமே போடாமல் விட்டவர்கள் கோபி, காங்கேயம், ராசிபுரம், பொள்ளாச்சி எங்கும் உண்டு. இன்னொரு பக்கம், "அதெல்லாம் முடிஞ்சுபோன கேஸுங்க, எழுத வேண்டியதில்லை" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, படிவத்தில் 'இல்லை' போட்டுவிட்டு, எழுத்துத் தேர்வும் ஓட்டமும் தேறிய பிறகு கடைசிப் படியில் வேலையை இழந்தவர்களும் உண்டு.

இரண்டுமே தேவையில்லாத இழப்பு. சட்டம் சிறார் பக்கம்தான் நிற்கிறது. ஆனால் அது காகிதம் கையில் இருப்பவருக்குத்தான் உதவும். அந்தக் காகிதங்களை எப்படிச் சேர்ப்பது, படிவத்தில் என்ன எழுதுவது, மறுத்தால் எங்கே போவது என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் தேதியைப் பாருங்கள்

எல்லாமே சம்பவம் நடந்த நாளில் உங்கள் வயது என்ன என்பதில் இருக்கிறது. கைது செய்த நாளோ, குற்றப்பத்திரிகை போட்ட நாளோ, தீர்ப்பு நாளோ கணக்கில்லை. ஒருவர் 2006 ஜூன் 14-ல் பிறந்தவர், சம்பவம் 2024 மே 20-ல் நடந்தது என்றால் அவர் அன்று சிறார்தான். 19 வயதில் கைதாகியிருந்தாலும் அவர் வழக்கு, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போக வேண்டும்.

எந்தப் பிறந்த தேதி? இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் 94-ஆவது பிரிவு ஒரு வரிசை வைத்திருக்கிறது. பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று முதலில். அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி கொடுத்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால் மட்டுமே எலும்பு வளர்ச்சிச் சோதனை. நம் பக்கத்தில் பிள்ளையைச் சீக்கிரம் பள்ளியில் சேர்க்க வயதைக் கூட்டிக் கொடுத்த குடும்பங்கள் நிறைய. பிறப்புச் சான்றில் ஒரு தேதியும் மார்க் ஷீட்டில் ஒரு தேதியும் இருந்தால், பள்ளித் தேதிதான் முன்னால் நிற்கும். அந்தத் தேதிப்படி உங்களுக்கு 18 முடிந்துவிட்டிருந்தால், விண்ணப்பம் போடும் முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள்.

வயது 18-க்குக் கீழ்தான், ஆனாலும் வழக்கு பெரியவர்களுக்கான மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடந்து, அபராதமும் கட்டி முடித்துவிட்டீர்கள் என்றால்? இதுவும் நடந்திருக்கிறது. சிறார் என்ற கோரிக்கையை எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும், தீர்ப்பு முடிந்த பிறகும்கூட எழுப்பலாம் என்று 9-ஆவது பிரிவு சொல்கிறது. இதைச் செய்யாமல் விட்டால் அந்த அபராதம் தண்டனையாகவே பதிவில் நிற்கும். "பைன் கட்டியாச்சு, கேஸ் முடிஞ்சுது" என்பதில் ஒளிந்திருக்கும் ஆபத்து இது: குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் தண்டிக்கப்பட்டவர்.

சட்டம் என்ன பாதுகாப்பு தருகிறது

நான்கு இடங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 24(1): இந்தச் சட்டப்படி நடத்தப்பட்ட சிறாருக்கு, தண்டனையோடு ஒட்டிவரும் எந்தத் தகுதியின்மையும் பொருந்தாது. 24(2): மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பின் அந்தப் பதிவுகளை அழிக்கும்படி குழுமம் காவல் துறைக்கு உத்தரவிட வேண்டும். 74(2): முடிந்துபோன சிறார் வழக்கின் பதிவை நன்னடத்தைச் சான்றுக்காகவோ வேறு எதற்காகவோ காவல் துறை வெளியிடக் கூடாது. 3-ஆவது பிரிவு: புதிய தொடக்கம் என்ற கொள்கையும், சிறாரின் தனியுரிமையும் இங்கேதான் எழுதப்பட்டிருக்கின்றன. சிறாரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்ற 74(1)-ஐ மீறினால் 6 மாதம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ உண்டு.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, கவனம். 16 வயது நிறைந்தவர், குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் உள்ள கொடுங்குற்றம், குழுமம் ஆரம்ப மதிப்பீடு செய்து குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பி, அங்கே பெரியவரைப் போல விசாரித்துக் குற்றவாளி என்று முடிவானால், 24-ஆவது பிரிவின் பாதுகாப்பு கிடையாது. பதிவும் அழிக்கப்படாது. இது கொலையோடு நிற்பதில்லை. 17 வயதுப் பையனும் 16 வயதுப் பெண்ணும் ஊரைவிட்டுப் போய், பெண் வீட்டார் புகாரில் போக்சோ பதிவாகும் வழக்குகளும் இதற்குள் வரலாம். அப்படிப்பட்ட வழக்கை குழுமமே விசாரித்து முடித்ததா, குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போனதா என்பதில்தான் உங்கள் வாய்ப்பு இருக்கிறது. உத்தரவை வாங்கிப் பாருங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

எதிர்ப்பக்கம் என்ன சொல்லும்

தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகள் 1978-ல் விதி 14(பி)(iv) இருக்கிறது. காவல் துறையின் பின்னணிச் சரிபார்ப்புக்கு முன் எந்தக் குற்ற வழக்கிலும் சம்பந்தப்பட்டிருக்கக் கூடாது என்பது அதன் சாரம். நிராகரிப்பு ஆணைகளில் திரும்பத் திரும்ப வருவது இதுதான். இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. சந்தேகத்தின் பலனாலோ, புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதாலோ விடுதலையானவரும் 'சம்பந்தப்பட்டவர்'தான் என்பது முதல் விளக்கம். சரிபார்ப்பு நேரத்தில் வழக்கு நிலுவையில் இருந்து, பிறகு கண்ணியமான விடுதலையோ 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்' (புகாரின் அடிப்படையே தவறு) என்ற முடிவோ வந்தால், அடுத்த ஆள்சேர்ப்பில்தான் உரிமை கோர முடியும் என்பது இரண்டாவது. 2008-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு இந்த முதல் விளக்கத்தை அப்படியே ஏற்றது.

"24-ஆவது பிரிவு தண்டனையைப் பற்றித்தானே பேசுகிறது, எங்கள் விதி சம்பந்தப்பட்டதைப் பற்றியல்லவா" என்று அலுவலகத்தில் கேட்பார்கள். இதற்குப் பதில் தயாராக வேண்டும். இளைஞர் நீதிச் சட்டம் 1(4)-ன்படி, வேறு எந்தச் சட்டத்தில் என்ன இருந்தாலும் சட்டத்துக்கு முரண்பட்ட சிறார் விஷயத்தில் இந்தச் சட்டமே பொருந்தும். பாராளுமன்றச் சட்டத்தின் முன் மாநிலப் பணி விதி நிற்க முடியாது. தண்டனை பெற்ற சிறாருக்கே தகுதியின்மை இல்லை என்னும்போது, விடுதலையான சிறாரை அதைவிட மோசமாக நடத்துவதில் நியாயமே இல்லை. 2019 நவம்பர் 29-ல் உச்ச நீதிமன்றம், மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக்குத் தேர்வான ஒருவரின் வழக்கில் இதையே சொன்னது: குற்றச்சாட்டு எழுந்தபோது அவர் சிறார்; சிறார் பருவத்துக் களங்கம் துடைக்கப்பட வேண்டும் என்பதே இந்தச் சட்டத்தின் நோக்கம்; ஆகவே அதைக் காட்டி வேலையை மறுக்க முடியாது.

18-க்குப் பிறகு நடந்த வழக்குக்கு இந்த வாதம் எதுவும் உதவாது. அந்த இடத்தில் 14(பி) முழு பலத்தோடு நிற்கும்.

காகிதம் சேர்ப்பது

அறிவிப்பு வரும் வரை காத்திருக்காதீர்கள். சீருடைப் பணியாளர் தேர்வாணையம் அறிவிப்பு வெளியிட்ட பின் ஓடினால் நகல் வாங்கவே நேரம் போய்விடும். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடப் பழகும் நாட்களிலேயே இதையும் தொடங்குங்கள்.

முதலில் பதிவு எந்த வடிவத்தில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். சிறார் மீது கொடுங்குற்றம் இல்லாமலும், பெரியவர்கள் கூட்டில்லாமலும் இருந்தால் எஃப்.ஐ.ஆர் போடக் கூடாது. பொது நாட்குறிப்பில் எழுதி, சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அதனால் உங்களிடம் குற்ற எண்ணே இல்லாமல் இருக்கலாம். சில நேரம் புகார் ரசீதோடு, அதாவது சி.எஸ்.ஆரோடு, ஸ்டேஷனிலேயே சமாதானமாகி முடிந்திருக்கும். அது வழக்கே இல்லை. ஆனால் அப்படித்தான் முடிந்ததா என்பதை உறுதி செய்யாமல் விடக் கூடாது.

தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர் பார்க்கும் வசதியும், நீதிமன்றங்களின் இகோர்ட்ஸ் தளத்தில் பெயர் வைத்துத் தேடும் வசதியும் உண்டு. இரண்டிலும் மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு கொடுத்துப் பாருங்கள். சிறார் வழக்கு அங்கே தெரியக் கூடாது. தெரிந்தால் அதைப் படமெடுத்து வையுங்கள், பின்னால் மனுவில் சேர்க்கலாம். தெரியவில்லை என்பதால் பதிவே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

அடுத்து இளைஞர் நீதிக் குழுமம். ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் கொண்டது; மாவட்டத்துக்கு ஒன்று உண்டு. சம்பவம் நடந்த காவல் நிலையம் எந்த மாவட்டமோ அந்தக் குழுமத்துக்குப் போக வேண்டும், நீங்கள் இப்போது குடியிருக்கும் மாவட்டத்துக்கு அல்ல. தாராபுரத்துக்காரர் பழனியில் மாட்டியிருந்தால் திண்டுக்கல்தான். நகல் மனு போட்டு இறுதி உத்தரவின் சான்றிட்ட நகலை மூன்று பிரதி வாங்குங்கள். வழக்கு எண் மறந்துவிட்டால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ, அப்போது உங்களை விசாரித்த நன்னடத்தை அலுவலரிடமோ கேட்டால் தேடித் தருவார்கள். செலவுக்கு வழியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண் கட்டணமில்லாதது.

இங்கே அதிகம் பேர் விழும் பள்ளம் ஒன்று. நோம்பி அடிதடியில் 8 பேர் மேல் எஃப்.ஐ.ஆர், அதில் 7 பேர் பெரியவர்கள், ஒருவர் 17 வயதுப் பையன். பெரியவர்கள் வழக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடந்து, இரு தரப்பும் ராசியாகி விடுதலை. பையன் வீட்டிலும் கேஸ் முடிந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அவன் வழக்கு அன்றே தனியாகப் பிரிக்கப்பட்டுக் குழுமத்துக்குப் போயிருக்கும். அங்கே யாரும் ஆஜராகாமல் நிலுவையில் கிடக்கும். சரிபார்ப்பின்போது தனிப்பிரிவுக் காவலர் எழுதும் அறிக்கையில் 'நிலுவையில் உள்ளது' என்று வந்து நிற்கும். பெரியவர்களின் தீர்ப்பு நகலைக் காட்டி இதைச் சரிசெய்ய முடியாது. உங்கள் பெயரில் குழுமத்தின் தனி உத்தரவு வேண்டும்.

நிலுவையில் இருப்பது தெரிந்தால் பயப்பட வேண்டாம். 3 ஆண்டு வரை மட்டுமே தண்டனை உள்ள சிறு குற்றம் என்றால், 4 மாதத்துக்குள்ளும், நீட்டித்தால் இன்னும் 2 மாதத்துக்குள்ளும் விசாரணை முடியாவிட்டால் நடவடிக்கையே கைவிடப்படும் என்று 14-ஆவது பிரிவு சொல்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 324, 506(1) எல்லாம் இந்த வகை. நம் பக்கத்து அடிதடி வழக்குகளில் பெரும்பாலும் வருவது இந்தப் பிரிவுகள்தான். 506(2) சேர்ந்திருந்தால் தண்டனை 7 ஆண்டு வரை போகும், அது சிறு குற்றம் ஆகாது. சிறு குற்றத்துக்கான இந்தச் சலுகையும் தானாக வராது. 14-ஐக் காட்டி முடித்துவைக்கக் கோரி மனு போடுங்கள்.

பதிவை அழிக்க மனு

குழுமத்தின் உத்தரவுக்கு எதிராக 30 நாளில் மேல்முறையீடு செய்யலாம். அது கடந்த பின், 24(2)-ன் கீழ் பதிவுகளை அழிக்கக் காவல் துறைக்கு உத்தரவிடக் கோரி குழுமத்திலேயே மனு போடுங்கள். மத்திய மாதிரி விதிகள் அதிகபட்சமாக 7 ஆண்டு வரை பாதுகாப்பில் வைத்திருக்க இடம் தருகின்றன. நீங்கள் அதற்கு முன்பே கேட்பதில் தவறில்லை. மனுவில் காவல் நிலையப் பதிவேடுகளோடு, காவல் நிலையங்களை இணைக்கும் கணினி வலையான சி.சி.டி.என்.எஸ்-ல் ஏறிய பதிவையும் தனியாகக் குறிப்பிடுங்கள். பேரேட்டில் நீக்கிவிட்டுக் கணினியில் விட்டுவிடுவது வழக்கமாக நடப்பது. உத்தரவு கிடைத்தால் ஒரு நகலை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் கொடுத்து முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். கோவை, திருப்பூர், சேலம் மாநகர எல்லைக்குள் என்றால் ஆணையர் அலுவலகம்.

உங்கள் பிரதிகளை மட்டும் ஒருபோதும் அழித்துவிடாதீர்கள். எல்லாம் அழிந்த பின் யாராவது பழைய எஃப்.ஐ.ஆரைத் தோண்டி எடுத்தால், அது முடிந்துவிட்டது என்று காட்ட உங்களிடம் இருப்பது மட்டுமே மிஞ்சும்.

படிவத்தில் என்ன எழுதுவது

கேள்வியை ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். 'தண்டிக்கப்பட்டுள்ளீரா' என்பது வேறு. 'வழக்கு நிலுவையில் உள்ளதா' என்பது வேறு. 'எப்போதாவது குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டுள்ளீரா' என்பது வேறு. கேட்டதற்கு மட்டும், ஆனால் உண்மையாக, பதில் எழுதுங்கள். இணைய விண்ணப்பத்தில் ஒரு முறையும், தேர்வான பின் சரிபார்ப்புப் படிவத்தில் இன்னொரு முறையும் கேட்பார்கள். இரண்டு பதிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பிரவுசிங் சென்டரில் கொடுத்து நிரப்பினால், அந்தக் கட்டத்துக்கு மட்டுமாவது நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' தட்டிவிடுவார்கள், கையெழுத்து உங்களுடையது.

சிறார் வழக்கைச் சொல்லவே வேண்டியதில்லை என்று வாதிடச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனாலும் கேள்வி பொதுவாக 'எந்த வழக்காவது' என்று இருந்தால் சொல்லிவிடுங்கள் என்பதே எங்கள் உறுதியான கருத்து. மறைத்தவர் ஜெயித்தாலும் கோர்ட்டில் வருடக்கணக்கில் நின்றுதான் ஜெயிக்கிறார். சொன்னவரிடம் 'மறைத்தார்' என்ற குற்றச்சாட்டையே வைக்க முடியாது. உச்ச நீதிமன்றம் 2016-ல் அவதார் சிங் வழக்கில் வகுத்த நெறிகளும் இங்கேதான் தொடங்குகின்றன: தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும், மறைத்திருந்தாலும் வழக்கின் தன்மை, வயது எல்லாம் பார்த்துத்தான் அலுவலர் முடிவெடுக்க வேண்டும்.

சரிபார்ப்புப் படிவத்தோடு தனித்தாளில் இப்படி இணையுங்கள்:

"… தேதியில் நடந்ததாகச் சொல்லப்பட்ட நிகழ்வு தொடர்பாக … காவல் நிலையக் குற்ற எண் …-ல் என் பெயர் சேர்க்கப்பட்டு, … மாவட்ட இளைஞர் நீதிக் குழுமத்தில் … எண்ணில் விசாரிக்கப்பட்டு, … தேதியில் முடித்துவைக்கப்பட்டது. நிகழ்வு நாளில் எனக்கு வயது 17. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 24(1)-ன்படி இதனால் எனக்கு எத்தகுதியின்மையும் ஏற்படாது. பிரிவு 74 தரும் பாதுகாப்பை விட்டுக்கொடுக்காமல் இவ்விவரத்தைத் தெரிவிக்கிறேன். உத்தரவின் சான்றிட்ட நகலும் பத்தாம் வகுப்புச் சான்றின் நகலும் இணைக்கப்பட்டுள்ளன."

இவ்வளவு போதும். யார் அடித்தது, யார் மேல் தப்பு என்ற கதை வேண்டாம். விசாரணைக்கு வரும் காவலரிடமும் மரியாதையாக, "அய்யா, பதினேழு வயசுல நடந்ததுங்க, உத்தரவு நகல் இருக்குதுங்க" என்று தாளை நீட்டுங்கள். அவர் எழுதும் நாலு வரிதான் மேலே போகிறது. பக்கத்து வீட்டிலும் விசாரிப்பார்கள் என்பதால் வீட்டாருக்கும் இந்த விவரம் தெரிந்திருக்கட்டும். அப்பா ஒன்றும் மகன் ஒன்றும் சொன்னால் சந்தேகம் வரும்.

"எஸ்.பி ஆபீஸ்ல நமக்கு ஆள் இருக்கு, ரிப்போர்ட்டை மாத்திடலாம்" என்று பணம் கேட்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அது புதிதாக ஒரு வழக்கைத் தேடிக்கொள்வது, அதுவும் 18-க்குப் பிறகு.

விதி பார்ப்பது சரிபார்ப்பு நாள் வரை. பொங்கலில் சேவக்கட்டு, நோம்பியில் சண்டை, டாஸ்மாக் வாசலில் குடித்து ரகளை செய்ததாக 75 கேஸ் என்று இந்த இடைவெளியில் எது வந்தாலும் அதற்குச் சிறார் பாதுகாப்பு இல்லை.

மறுத்துவிட்டால்

வாய்மொழியாகச் சொன்னால் ஏற்க வேண்டாம். காரணத்தோடு எழுத்தில் ஆணை கேளுங்கள். தராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமை மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். ஆணை கிடைத்ததும் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவில் ரிட் மனு. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், நீலகிரிக்காரர்கள் சென்னைக்குப் போக வேண்டும். கரூரும் திண்டுக்கல்லும் மதுரைக் கிளையின் எல்லை. இதைத் தெரியாமல் தவறான இடத்தில் தாக்கல் செய்து வாரங்களை இழப்பவர்கள் உண்டு.

தாமதிக்காதீர்கள். உங்கள் பிரிவினர் 7 மாதப் பயிற்சியை முடித்து வெளியே வந்த பின் கேட்டால் இடம் காலியாக இல்லை என்பார்கள். மனுவிலேயே ஒரு பணியிடத்தை நிரப்பாமல் வைக்க இடைக்கால உத்தரவு கேளுங்கள். இத்தகைய வழக்குகளில் நீதிமன்றம் பெரும்பாலும் நேரடியாக வேலை கொடுக்கச் சொல்லாது. 'சட்டப்படி மறுபரிசீலனை செய்க' என்று அதே அலுவலருக்கு அனுப்பும். அந்த உத்தரவின் நகலோடு 24, 74 பிரிவுகளையும் 2019 தீர்ப்பையும் மேற்கோள் காட்டி ஒரு மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வழக்கு நடக்கும்போதே அடுத்த அறிவிப்பு வந்தால் அதற்கும் விண்ணப்பியுங்கள். இரண்டாம் நிலைக் காவலருக்குப் பொதுப்பிரிவில் 26, பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 28, பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 31 என்ற வயது வரம்பு, கோர்ட்டில் வழக்கு இருக்கிறது என்பதற்காகத் தானாக நீளாது. புதிய விண்ணப்பத்திலும் அதே விவரத்தை, அதே சொற்களில் எழுதுங்கள்.